பத்து மாத்திரைகளும் ஒரு கேள்வியும்

நோயாளியின் கட்டிலருகே நின்று ஆறுதல் மொழி கூறுவது நன்று என்பதில் நமக்கு என்றுமே ஐயம் இருந்ததில்லை. குருமடத்தில் கற்ற நாள் முதல் இன்றுவரை, துன்புறும் ஒருவரிடமிருந்து எதிர்நோக்கைப் பறித்துவிடாதே என்பதை ஏறத்தாழ ஒரு கட்டளையாகவே கைக்கொண்டு வந்துள்ளோம். அந்தக் கட்டளையைச் சற்றே நின்று ஆராய வேண்டிய நிலைக்கு நம்மைக் கொண்டுவந்து நிறுத்தியவர் ஒரு கைம்பெண். 2024-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு மாலைப்பொழுதில் அவர் நம் பங்கு இல்லத்திற்கு வந்தார். முகத்தில் மகிழ்ச்சி இருந்தது.

"சாமி, பாரிசுல இருந்து தம்பி போன் பண்ணான். நாங்க இவருக்குக் கொடுத்தோமே அந்த மாத்திரை, அதை அமெரிக்காவுல இப்ப மருந்துன்னு ஒத்துக்கிட்டாங்களாம். அப்ப நாங்க கொடுத்தது சரிதானே சாமி?"

அவருடைய கணவர் தையற்காரர். நாற்பத்தைந்து வயதளவில் அவருக்கு நடை தடுமாறத் தொடங்கியது. கால்களை அகல வைத்து நடந்தார். பேச்சு குழறியது. குடித்துவிட்டு வருகிறார் என்று தெருவில் பேசினார்கள். குடிப்பழக்கமே இல்லாத அம்மனிதருக்கு நோயைவிட அந்தப் பேச்சுதான் பெருந்துன்பமாயிருந்தது. ஊசியில் நூல் கோக்கக் கை மறுத்த நாளில் கடையை மூடினார். சிறுமூளை சிறிது சிறிதாகத் தேய்ந்து வருகிறது, இதற்கு மருந்தில்லை என்று மருத்துவர் கூறிவிட்டார்.

சிறுமூளை நம் தலையின் பின்புறம், கீழ்ப்பகுதியில் இருக்கிறது. மூளையின் மொத்த எடையில் அது பத்தில் ஒரு பங்குதான். ஆனால் மூளையிலுள்ள நரம்பணுக்களில் ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது அங்கேதான் குவிந்துள்ளன. நடக்க வேண்டும் என்று தீர்மானிப்பது அதன் வேலையன்று. எடுத்த அடி எங்கே விழ வேண்டும், நீட்டிய கை எங்கே நிற்க வேண்டும் என்று நொடிக்கு நொடி திருத்திக்கொண்டிருப்பதே அதன் வேலை. அதன் பெரிய அணுக்களை 1837-இல் செக் நாட்டு அறிஞர் புர்க்கின்யே விவரித்தார். இன்றும் அவை அவர் பெயராலேயே வழங்குகின்றன. அவை அழியும்போது மனிதனின் விருப்பமும் வலிமையும் அப்படியே இருக்கின்றன. குறி மட்டும் தவறுகிறது. குடிக்கக் குவளையை எடுப்பவர் குவளைக்கு அப்பால் கையை நீட்டுகிறார்.

அந்தத் தையற்காரரின் மைத்துனர் பாரிசில் இருக்கிறார். புதுவை, காரைக்கால் பக்கத்துக் குடும்பங்களில் இது புதுமையன்று. பிரான்சில் தலைச்சுற்றலுக்கென 1957 முதல் ஒரு மாத்திரை விற்பனையில் இருக்கிறது. தாங்கனில் என்பது அதன் வணிகப் பெயர். அதிலுள்ள பொருள் அசிட்டைல்-லூசின். லூசின் என்பது பால், பருப்பு, இறைச்சி ஆகிய அனைத்திலும் உள்ள ஓர் அமினோ அமிலம். அதை நம் உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாது, உணவிலிருந்துதான் பெற வேண்டும். 1820-இல் பிராக்கொன்னோ என்னும் பிரெஞ்சு வேதியியலார் தசையிலிருந்தும் கம்பளியிலிருந்தும் அதனை வெண்ணிறப் படிகமாகப் பிரித்தெடுத்தார். வெண்மை என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லால் அதற்குப் பெயரும் சூட்டினார். அதனோடு அசிட்டைல் என்னும் சிறு பகுதியைச் சேர்த்தால் அது வேறொரு வாயில் வழியாக உடலணுக்களுக்குள் எளிதாகப் புகுகிறது என்பது ஆய்வாளர் கருத்து. (ஆகவே பருப்பை மிகுதியாக உண்டால் போதாதா என்று கேட்பவர்களுக்கு விடை, போதாது என்பதே. உணவில் வரும் லூசின் அந்த வாயிலால் செல்வதில்லை.)

2013-இல் ஜெர்மனியின் மியூனிக் நகர நரம்பியல் மருத்துவர் மிக்கேல் ஸ்ட்ரூப்பும் அவருடைய குழுவினரும் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். சிறுமூளைத் தேய்வு நோயாளிகள் 13 பேருக்கு நாளொன்றுக்கு 5 கிராம் வீதம் ஒரு வாரம் இம்மருந்தை அவர்கள் கொடுத்திருந்தனர். தள்ளாட்டத்தை அளப்பதற்கு மருத்துவர்களிடம் ஓர் அளவுகோல் உண்டு. நடை, நிற்றல், உட்கார்தல், பேச்சு, விரலால் மூக்கைத் தொடுதல் முதலிய எட்டுச் சோதனைகளுக்கு மதிப்பெண் இட்டு, பூச்சியம் முதல் 40 வரை கூட்டுவார்கள். மதிப்பெண் ஏற ஏற நோய் கடுமை என்று பொருள். அந்த 13 பேரின் சராசரி ஒரே வாரத்தில் 16.1-லிருந்து 12.8-ஆக இறங்கியது. மருந்தே இல்லை எனப்பட்ட நோய்க்கு, அறுபது ஆண்டுகளாகத் தலைச்சுற்றலுக்கு விற்கப்பட்டு வந்த எளிய மாத்திரை! செய்தி பரவாமலிருக்குமா? மைத்துனர் பெட்டி பெட்டியாக அனுப்பத் தொடங்கினார். ஒரு மாத்திரை அரை கிராம். எனவே நாளொன்றுக்குப் பத்து மாத்திரைகள்.

மருந்து தொடங்கிச் சில வாரங்கள் கழித்து நாம் அவ்வில்லத்திற்குச் சென்றோம். மனைவி நம்மை வாசல்வரை வழியனுப்ப வந்து, கணவரின் காதில் விழாதபடி மெல்லக் கேட்டார்: "நடை கொஞ்சம் தேறியிருக்கிற மாதிரி தெரியுது சாமி. நெசமாவே தேறியிருக்கா, இல்ல என் ஆசையா?"

அதைவிட நேர்மையான கேள்வியை நாம் அதிகம் கேட்டதில்லை. அறிவியல் உலகம் முழுவதும் அப்போது கேட்க வேண்டியிருந்த கேள்வியும் அதுவேதான். நாமோ, "நம்பிக்கையோடு கொடுங்கள் அம்மா, நன்றாகத்தான் இருக்கிறார்" என்று சொல்லிவிட்டு மிதிவண்டியில் ஏறிவிட்டோம். அவர் தேறியிருந்தாரா என்பது நமக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொன்னோம். அதற்கு ஆறுதல் என்று பெயரிட்டுக்கொண்டோம்.

அவர் 2019-இல் இறந்தார். ஐந்தாண்டுகள் கழித்து அவர் மனைவி வந்து கேட்ட கேள்விக்கு விடையளிக்கும் முன், இம்முறையேனும் படித்துப் பார்த்துவிடுவது என்று உறுதி கொண்டோம். வெளியூரில் மருத்துவம் பயிலும் நம் பங்கு இளைஞர் ஒருவர் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடி அனுப்பி உதவினார்.

13 பேரின் முன்னேற்றத்தைக் கூறிய அந்த முதல் ஆய்வில் ஒரு குறை இருந்தது. அதை மறைக்க அவ்வாய்வாளர்கள் முயலவில்லை. எல்லாரும் மருந்து உண்டனர். உண்பது மருந்துதான் என்று நோயாளிக்கும் தெரியும், மருத்துவருக்கும் தெரியும். தேறவேண்டும் என்ற ஏக்கம் நோயாளியின் காலைச் சற்றே உறுதியாக ஊன்றச் செய்யும். தேற்றவேண்டும் என்ற ஏக்கம் மருத்துவரின் கண்ணைச் சற்றே தாராளமாக்கும். இதில் பொய் எதுவும் இல்லை, அன்புகூட இருக்கிறது. ஆனால் அந்த அன்பு காண்பதையும் விரும்புவதையும் ஒன்றாகக் குழைத்துவிடுகிறது. 2015-இல் ஜெர்மனியிலேயே வேறொரு குழுவினர் 10 நோயாளிகளிடம் இம்மருந்தைச் சோதித்து, தங்களால் அந்தப் பயனைக் காண இயலவில்லை என்று எழுதினர்.

ஆகவே பெரிய ஆய்வு ஒன்று தேவைப்பட்டது. ஜெர்மனி, ஆஸ்திரியா நாடுகளில் ஏழு மருத்துவ நிலையங்களில் 108 நோயாளிகள் அதற்கு முன்வந்தனர். ஒவ்வொருவரும் ஆறு வாரம் மருந்தையும், இடைவெளி விட்டு ஆறு வாரம் மருந்துபோலவே தோன்றும் வெறும் மாத்திரையையும் உண்ண வேண்டும். எது முதலில், எது பின்னர் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும். கொடுப்பவருக்கும் தெரியாது, உண்பவருக்கும் தெரியாது. 2021 டிசம்பரில் முடிவு வெளிவந்தது. மருந்து உண்ட வாரங்களுக்கும் வெறும் மாத்திரை உண்ட வாரங்களுக்கும் இடையே பயனில் வேறுபாடு காணப்படவில்லை. எந்த மருத்துவரின் ஆய்வு முதலில் எதிர்நோக்கை விதைத்ததோ, அவரும் இந்த ஆய்வில் பங்குகொண்டவரே. தாம் விரும்பாத விடை வரக்கூடிய கேள்வியை ஒருவர் தாமே கேட்பதும், வந்த விடையைத் தம் பெயரோடு அச்சேற்றுவதும் எளிய செயல்கள் அல்ல. நாம் மிதிவண்டியில் ஏறிவிட்ட அந்த மாலையை எண்ணிப் பார்த்து வெட்கினோம்.

அப்படியானால் 2024-இல் அமெரிக்கா ஒப்புக்கொண்டது எதை? அது வேறொரு நோய்க்கு. நீமன்-பிக் சி வகை என்பது அதன் பெயர். ஏறத்தாழ நூறாயிரம் பிறப்புகளுக்கு ஒன்று என்னும் அளவில் வரும் அரிய நோய். அணுக்களுக்குள் கொழுப்பை உரிய இடத்திற்கு அனுப்பும் புரதம் பழுதுபட்டுக் கொழுப்பு தேங்குகிறது. சிறுமூளையின் புர்க்கின்யே அணுக்கள் மடிகின்றன. பெரும்பாலும் குழந்தைகளே இதற்கு ஆளாகின்றனர். கண்ணை மேலும் கீழும் அசைக்க முடியாமற்போகிறது. நடை, பேச்சு, விழுங்குதல் என்று ஒவ்வொன்றாகக் குலைகிறது. இந்நோயின் அடையாளங்களுள் ஒன்றைப் படித்தபோது நூலை மூடிவைத்துவிட்டோம். இந்தக் குழந்தைகளில் சிலர் சிரித்தால் தசைகள் சட்டென்று தளர்ந்து விழுந்துவிடுகிறார்கள். பெற்றோர் தம் பிள்ளையைச் சிரிக்க வைப்பதற்கே அஞ்ச வேண்டிய நோய்!

அமெரிக்காவில் நோட்டர் டாம் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற கால்பந்துப் பயிற்சியாளராயிருந்தவர் ஆரா பார்சேகியன். அவருடைய பேரக்குழந்தைகள் மூவருக்கு இந்நோய் இருப்பது தெரியவந்தபோது, அக்குடும்பம் 1994-இல் ஓர் ஆய்வு நிதியம் தொடங்கியது. நோய்க்குக் காரணமான மரபணு 1997-இல் கண்டுபிடிக்கப்பட்டதில் அந்த நிதிக்கும் பங்குண்டு. அம்மூன்று பிள்ளைகளும் 2005-க்குள் இறந்துவிட்டனர். தம் பிள்ளைகளுக்கு எட்டாத ஒன்றுக்காகப் பெற்றோர் இறுதிவரை உழைத்தனர்.

இந்நோய்க்கு அசிட்டைல்-லூசினின் ஒரு வடிவம் மட்டும் சோதிக்கப்பட்டது. வேதியியலில் சில பொருள்கள் வலக்கையும் இடக்கையும் போல ஒன்றையொன்று ஒத்த இரு வடிவங்களில் வரும். பழைய பிரெஞ்சு மாத்திரை இரண்டும் கலந்தது. புதிய மருந்தில் உடலுக்குப் பயன்படுவதாகக் கருதப்படும் ஒரு வடிவம் மட்டுமே உண்டு. பெர்ன் நகர மருத்துவர் தத்தியானா பிரெமோவா-எர்ட்ல் முதலானோர் 2024 பிப்ரவரியில் வெளியிட்ட ஆய்வில் 60 நோயாளிகள் பங்குகொண்டனர். இளையவருக்கு வயது 5, மூத்தவருக்கு 67. பன்னிரண்டு வாரம் மருந்து, பன்னிரண்டு வாரம் வெறும் மாத்திரை; வரிசை இங்கும் குலுக்கலால். அதே 40 மதிப்பெண் அளவுகோலில் மருந்துக் காலத்தில் சராசரியாக 1.97 இறக்கம், வெறும் மாத்திரைக் காலத்தில் 0.60. அவ்வாண்டு செப்டம்பரில் அமெரிக்க அரசின் மருந்துத் துறை ஒப்புதல் வழங்கியது. நோயை அது வேரறுப்பதில்லை. நாற்பதில் ஒன்றரை மதிப்பெண்கூட இல்லையே என்று கேட்பவர், தானே கரண்டியைப் பிடிக்கும் குழந்தைக்கும் பிடிக்க இயலாத குழந்தைக்கும் உள்ள தொலைவை அருகிலிருந்து பார்த்ததில்லை. (அதன் விலையோ எளியவர் எட்டத்தக்கதன்று. அது தனியே எழுதப்பட வேண்டிய அநீதி.)

நம்மை உறுத்திய அறக்கேள்விக்கு இப்போது வருகிறோம். மருந்தால் தேறத் தொடங்கியிருக்கக்கூடிய ஒரு குழந்தையைப் பன்னிரண்டாம் வாரத்தில் வெறும் மாத்திரைக்கு மாற்றுவது முறையா? அதன் நடை மீண்டும் தளரும்போது தாய் அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பிறர் நலனுக்காக ஒரு குழந்தையைக் கருவியாக்குவது ஆகாதா?

திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் 1952 செப்டம்பரில், பொருத்தமாகவே, நரம்பு மண்டல ஆய்வாளர் மாநாட்டினரிடம் இப்பொருள் பற்றி உரையாற்றினார். அறிவியலின் ஆர்வமோ சமுதாயத்தின் நன்மையோ தனிமனிதர் மீது எல்லையற்ற உரிமை தந்துவிடாது. உடலுக்கு உறுப்பு இருப்பதுபோல் சமுதாயத்திற்கு மனிதன் இருப்பதில்லை. நோயாளி தரும் உரிமைக்கு மேல் மருத்துவருக்கு உரிமையில்லை. நோயாளியும் தன் உடலுக்கு முழு உடைமையாளன் அல்லன் என்பது அவர் போதனையின் சாரம். உலகப் போர்க் காலத்தில் மனிதர்மீது நடத்தப்பட்ட கொடிய சோதனைகளின் நினைவு அன்று ஆறாத புண்ணாயிருந்தது. ஆயினும் அறிந்த வழிகள் அனைத்தும் தோற்ற இடத்தில், நோயாளியின் இசைவோடு, பயன்தரும் வாய்ப்புள்ள புதுவழியை முயல்வதற்கு அவர் தடை விதிக்கவில்லை.

அந்த அளவுகோலால் பார்த்தால், குலுக்கலும் வெறும் மாத்திரையும் ஒரு நிபந்தனையின்பேரில் முறையாகின்றன. மருந்து பயன்படுமா என்பது மெய்யாகவே எவருக்கும் தெரியாதிருக்க வேண்டும். தெரிந்துகொண்டே வெறும் மாத்திரை தருவது கொடுமை. தெரியாதபோதோ, வெறும் மாத்திரை பெறுபவர் ஒன்றையும் இழந்துவிட்டதாகச் சொல்ல இயலாது. ஒருவேளை அவரே பயனற்ற ஒன்றிலிருந்து காக்கப்பட்டவராயிருக்கலாம். அந்த அறுபது பேருக்கும் ஆய்வு முடிந்தபின் மருந்தைத் தொடர்ந்து பெற வழி செய்யப்பட்டது. சிறுவருடைய நிலையில் இசைவு தருபவர் பெற்றோரே என்பதனால் நம் மனம் இன்னும் முழுதாய் அமைதியுறவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் எல்லாக் குழந்தைகளுக்கும் மருந்தையே கொடுத்து, எல்லாருக்கும் நல்லதாகத் தோன்றுகிறது என்று நிறுத்தியிருந்தால், 2013-இன் மகிழ்ச்சியைத்தான் மீண்டும் பெற்றிருப்பார்கள். அது மெய்யா ஆசையா என்று எந்தத் தாயும் அறிந்திருக்க மாட்டாள்.

புனித தோமா அக்குவினாஸ் எதிர்நோக்கின் பொருளை நான்கு சொற்களில் அடக்குவார்: அது நன்மை, வருங்காலத்தது, அடைதற்கரியது, எனினும் அடையக்கூடியது. கடைசிச் சொல்லை நாம் கட்டிலருகே மறந்துவிடுகிறோம். அடையக்கூடியதா என்று கேட்பவரை நம்பிக்கை குன்றியவர் என்று எண்ணிவிடுகிறோம். தமிழில் விசுவாசத்திற்கும் உறுதிக்கும் ஆசைக்கும் நம்பிக்கை என்ற ஒரே சொல் நெடுங்காலம் வழங்கியதும் இக்குழப்பத்திற்கு ஓரளவு காரணம்போலும். அந்தப் பெண்மணி வாசலில் கேட்டபோது, அக்குவினாஸ் வைத்த நான்காவது சொல்லைத்தான் கேட்டார். நாம் முதல் மூன்றைச் சொல்லி அனுப்பினோம்.

எனினும் ஓர் ஐயம் நம்மைத் தடுத்தது. கணவர் மறைந்தாயிற்று. ஐந்தாண்டுகள் நாள்தோறும் பத்து மாத்திரைகளை எண்ணி எண்ணிக் கொடுத்த கை அது. அவை பயன்படவில்லை என்று இப்போது சொல்வதால் யாருக்கு என்ன ஆதாயம்? உண்மை என்ற பெயரில் நம் பழைய தவற்றின் பாரத்தை அவர்மேல் இறக்கி வைக்கப் பார்க்கிறோமோ? இரண்டு வாரங்கள் தள்ளிப்போட்டோம். கேட்காதவரிடம் சென்று இதைச் சொல்வது கொடுமையாகவே இருந்திருக்கும் என்று இன்றும் எண்ணுகிறோம். ஆனால் அவர் கேட்டார். இரண்டாம் முறையாகக் கேட்டார். அதே மனிதரிடம் அதே கேள்விக்கு இருமுறை பொய்விடை பெறுவது அவருக்கு நேரக் கூடாது என்று தோன்றியதும் புறப்பட்டோம்.

திண்ணையில் அமர்ந்து, அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது வேறு நோய்க்கு, மருந்தும் முற்றிலும் அதுவே அன்று என்று சொன்னோம். இவருடைய நோய் போன்றவற்றில் 108 பேரிடம் சோதித்தபோது பயன் காணப்படவில்லை என்றோம். அது பொதுவான கணக்கு. உங்கள் கணவர் ஒருவருக்குச் சற்றேனும் உதவியிருக்குமா இல்லையா என்பதை இனி எவராலும் சொல்ல முடியாது என்றும் சேர்த்துச் சொன்னோம், ஏனெனில் அதுவும் உண்மையே. அன்று வாசலில் நீங்கள் கேட்டபோது எங்களுக்குத் தெரியாது, தெரியாது என்றே சொல்லியிருக்க வேண்டும் என்றோம்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர் நாம் எதிர்பாராத ஒன்றைக் கேட்டார்.

"அந்த நூத்தியெட்டுப் பேரும், நெசமான மாத்திரையா வெத்து மாத்திரையான்னு தெரியாமலே ஆறு ஆறு வாரம் முழுங்கினாங்களா சாமி?"

"ஆமாம் அம்மா. முன்னரே எடுத்துச் சொல்லி, சம்மதம் வாங்கித்தான் கொடுத்தார்கள்."

"இவரைக் கேட்டிருந்தா இவரும் ஒத்துக்கிட்டிருப்பாரு" என்றார். உள்ளே சென்று ஒரு தாளும் பென்சிலும் எடுத்துவந்து, நாம் சொன்னதை மறுபடி ஒருமுறை மெதுவாகச் சொல்லும்படி கேட்டார். "தம்பிகிட்ட நானே சொல்லிடறேன் சாமி. அவனும் நம்பிக்கிட்டு இருக்கான்."